ஃபெலோஷிப் பணம் யார் பேரில் வருகிறது? உயிரியல் படித்த தம்பி தங்கைகளுக்கு

வணக்கம் மக்களே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பல்கலை நகர் ஸ்டாப்பை ஒட்டி நின்றுதான் பேசுகிறேன். நடுவில் பஸ் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்ஸி. பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இந்த வீடியோ. பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்களும் இருங்கள், பின்பாதி உங்களுக்குத்தான்.

ஃபெலோஷிப், அதாவது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தருகிற உதவித்தொகை, என்றதும் எல்லோரும் கேட்பது மாதம் எவ்வளவு என்று. நியாயமான கேள்விதான், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். அந்தப் பணம் யார் பேரில் வருகிறது? உங்கள் பேரிலா, உங்கள் ஆராய்ச்சியை வழிநடத்துகிற கைடு பேரிலா?

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப் வாங்கினால் அது உங்கள் பேரில் வருகிற பணம். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் போய் எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஃபெலோ, ஆகிவிட்டால் 42,000. வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருஷம் வரை கிடைக்கும். எந்த லேபுக்குப் போவது என்று நீங்களே தேடிப் பேசலாம். புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். அப்படி இல்லை. ஒரு பேராசிரியருக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி.யோ, மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரோ மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்திருப்பார்கள், அதில் ஓர் இடம் உங்களுக்கு. புராஜெக்ட் முடிந்த மாதத்தோடு சம்பளமும் நின்றுவிடும், பிஎச்.டி. மட்டும் பாக்கி இருக்கும். நல்ல கை உள்ள பிள்ளைகள் அந்த இடத்தில் வந்து முட்டி, தீசிஸை மூட்டை கட்டிவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

புராஜெக்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப் வேலை கைக்குப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சேருகிற நாளிலேயே புராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுவிடுங்கள். கூச்சமே படாதீர்கள். அங்கே இருந்துகொண்டே நெட்டும், டி.பி.டி. நடத்தும் பெட் தேர்வும் எழுதுங்கள். பெட்டில் முதல் பிரிவில் வந்தால் ஃபெலோஷிப்பை நீங்கள் சேருகிற நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம். இரண்டாம் பிரிவு என்றால் டி.பி.டி. பணம் கொடுத்த புராஜெக்ட் ஒன்றில்தான் சேர முடியும். இங்கேயும் அதே கேள்விதான்.

நெட் லைஃப் சயின்ஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். 200 மதிப்பெண்ணில் 100 பார்ட் சி-யில் இருக்கிறது. 75 கேள்வி கொடுப்பார்கள், 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4. தப்பானால் கால் பங்கு கழியும். அதனால் சிலபஸ் முழுவதையும் மேலாகப் படிப்பதைவிட, நான்கைந்து பாடத்தை சோதனை முடிவைப் பார்த்தே விடை சொல்கிற அளவுக்கு ஆழமாகப் படியுங்கள்.

ஓ.பி.சி., எஸ்.சி. மாணவர்களுக்குத் தேசிய ஃபெலோஷிப் தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு முழுநேர பிஎச்.டி.க்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் உண்டு. கல்லூரி நோட்டீஸ் போர்டில் வரும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும், நீங்களே தேடிப் பாருங்கள். மதுரை மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். மாணவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? உங்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். இருக்கிறது. இரண்டு மாத ஆராய்ச்சி, உதவித்தொகையோடு. படிக்கும்போதே செய்துவிடுங்கள்.

சரி, இப்போது பிஎச்.டி. முடிக்கிறவர்கள். உங்களுக்கு வயதுக் கணக்கு முக்கியம். ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற மத்திய அரசு அமைப்பாக முன்பு செர்ப் என்று இருந்ததுதான் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். அவர்களின் தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப் இரண்டு வருஷம், வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருஷத் தளர்வு உண்டு. தீசிஸ் சமர்ப்பித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிஎச்.டி. முடித்த இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி ஃபெலோஷிப்புக்குப் பொதுப் பிரிவில் 32 வயதுதான் வரம்பு. ஆனால் மாதம் 1,25,000 ரூபாயும் ஆராய்ச்சிச் செலவுக்கு வருஷம் 7 லட்சமும் ஐந்து வருஷத்துக்கு உங்கள் பேரில் வரும்.

நம்மூர் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காதது இந்தியா அலையன்ஸ். டி.பி.டி.யும் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து 2008-ல் ஆரம்பித்த, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அமைப்பு அது. அதன் எர்லி கரியர் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு கிடையாது. பிஎச்.டி.க்குப் பிறகு எத்தனை வருஷ ஆராய்ச்சி அனுபவம் என்றுதான் பார்ப்பார்கள். குழந்தை பிறந்து இடையில் நின்ற காலத்தைக் கழித்துவிட்டே கணக்கிடுவார்கள். கல்யாணம், குழந்தை என்று நின்றுபோன அக்காமார்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், பெண் விஞ்ஞானிகளுக்கான டி.பி.டி.யின் பயோகேர் திட்டத்தையும் பாருங்கள். உங்கள் படிப்பு வீணாகக் கிடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதற்கெல்லாம் ஆராய்ச்சித் திட்டம் எழுத வேண்டும். அங்கேதான் பல பேர் புற்றுநோய், நானோ துகள் என்று எல்லோரும் எழுதுவதையே எழுதுகிறார்கள். நம் மண்ணில் இருக்கிற கேள்வியைப் பாருங்களேன். கருவிழிப் புண் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு வருகிறது என்று மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்து 1996-லேயே வெளியிட்டார்கள். வயலில் நெல் தாளோ குச்சியோ கண்ணில் பட்டு, பூஞ்சை உள்ளே போய்ப் பார்வையே போகிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், பழைய மருந்தான நாட்டமைசின் புதிய வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்தது. குறிப்பாக ஃபுசேரியம் என்கிற பூஞ்சையில். ஏன் அந்த வித்தியாசம்? சில பேருக்கு ஏன் எந்த மருந்தும் கேட்பதில்லை? உசிலம்பட்டிப் பக்கம் அறுப்புக்குப் போகிற அம்மாவின் கண்ணிலிருந்து கிளம்புகிற கேள்வி இது. நோயாளிகளும் லேபும் இதே ஊரில் இருப்பது உங்கள் விண்ணப்பத்துக்குப் பெரிய பலம், அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரில் வருகிற பணமானாலும் மாதாமாதம் ஒழுங்காக வந்துவிடாது. சில சமயம் மாதக்கணக்கில் நின்று பிறகு மொத்தமாக வரும். அதனால் முதல் தவணை வந்ததும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருகைச் சான்று, செலவுக் கணக்கு எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக் கையோடு அனுப்பிவிடுங்கள், ஒரு காகிதம் தாமதமானாலும் தவணை நின்றுவிடும்.

அப்புறம், போஸ்ட் டாக்டரலுக்கு ஒரு வழிகாட்டியின் சம்மதமும் நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு கடிதத்துக்கு அலைந்தால் அலுவலகத்தில் ஃபைல் நகர்வதற்குள் தேதி முடிந்துவிடும். ஆறு மாதம் முன்பே அவருடைய பேப்பர் இரண்டைப் படித்துவிட்டு மெயில் போடுங்கள். அந்த மெயிலில் என்ன எழுதுவது என்பதை அடுத்த வீடியோவில் வரி வரியாகப் பார்ப்போம். எந்த வருஷம் பிஎச்.டி. முடிக்கிறீர்கள், வயது என்ன என்று எழுதி அனுப்புங்கள், அதை வைத்து எதற்கெல்லாம் போடலாம் என்று சொல்கிறேன்.