ஓடிபி வந்திச்சு, பெத்தா ஆத்துக்கு அங்கால

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும் சபைக்கும் சேத்து ஒரே வணக்கம், நேரம் காணாது. தலைப்பு தெரியும்தானே, அரசாங்கக் காசு முதல்ல போக வேண்டியது டிஜிட்டல் சேவைக்கா, ரோட்டுக்கும் பாலத்துக்குமா எண்டு. நான் பாலத்துக்குப் பேச வந்திரிக்கன்.

என்ட ஊர் இலங்கையில கிழக்கு, அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பக்கம். கல்முனைக்கு வாறதெண்டா எங்களுக்கு கிட்டங்கித் தாம்போதிதான், ஆத்துக்குக் குறுக்கால பதிவாப் போட்ட ரோட்டுதான் வாசல். மாரி அடிச்சா அந்த வாசலுக்கு மேலால தண்ணி பாயும், மோட்டச்சைக்கிள் நிக்கும், ஓட்டோ நிக்கும், உழவு மெசின், டிரக்டர் மட்டும் உறுமிக்கிட்டு வரும்.

ஒரு மார்கழி மாசம் என்ட பெத்தாவுக்கு, பாட்டிக்கு, காசு அலுவல் ஒண்டு. டவுன்ல ஒரு அலுவலகம், ஆள் நேர்ல வரணும் எண்டு சொல்லிட்டாங்க. பெத்தாவுக்கு 74 வயசு. மெசின் பெட்டியில ஏத்தினம், சீலையை முழங்காலுக்கு மேல சொருகிக்கிட்டு ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சிக்கிட்டு வந்து சேந்தா. அந்தப் புள்ள கம்பியூட்டர்ல எல்லாத்தையும் அடிச்சிட்டு, "பெத்தா, ஓடிபி வந்திரிக்கும், நம்பரைச் சொல்லுங்க" எண்டா. பெத்தாட பேர்ல பதிஞ்ச நம்பர் என்ட தம்பிட போன்ல. தம்பி வயல்ல. வயல்ல சிக்னல் இல்ல. அவன் வரம்பால ஓடி, வாய்க்கால் கட்டுல ஏறி, சிக்னல் புடிச்சி, நம்பரை வாசிச்சிச் சொல்ற நேரம் ஓடிபி செத்துப் போச்சு. "போனையும் கொண்டு வாங்க பெத்தா" எண்டு அனுப்பிட்டாங்க.

மறுகா அடுத்த நாள். இந்தத் தரம் போன் வருது. ரெண்டு ஷொப்பிங் பேக்ல சுத்தி, முடிச்சுப் போட்டு, பெத்தா அதை மடியில வச்சி, பச்சைப் புள்ளையை அணைக்கிற மாதிரி அணைச்சிக்கிட்டு மெசின்ல ஏறிட்டா. பாதித் தாம்போதியில தண்ணி பெட்டிக்குள்ள வந்திட்டு. டிரைவர் மெசினை நிப்பாட்டிட்டான். பெத்தா கையை உசத்தி போனைத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு நிக்கா, அந்த நேரம் பார்த்து போன் டிங் எண்டிச்சு. நடுவர் ஐயா, ஓடிபி வந்திட்டு! ரெண்டு பக்கமும் வெள்ளம், நடுவுல பெத்தா, கையில ஓடிபி. அண்டைக்கும் அலுவல் முடியல்ல, மெசின் பின்னாலயே திரும்பிச்சு.

இதைக் கேட்டுட்டு இருந்த எதிரணித் தம்பி முதல்ல பேசக்குள்ள என்ன சொன்னார்? "பாலம் கேக்கிறவன் மாட்டுக்கு வழி கேக்கிறான், நெட் கேக்கிறவன் நாட்டுக்கு வழி கேக்கிறான்" எண்டார், நீங்களும் கை தட்டினீங்க. தம்பி, மாடுதான் போகும். நல்லாப் போகட்டும். உங்கட வீட்டுல நோம்புக்கும் பொங்கலுக்கும் கவுக்கிற தயிர்ச் சட்டி எங்க இருந்து வருது? அந்த மாட்டுல இருந்து. நீங்க காலையில திண்ட சோறு எந்தப் பக்கத்து நெல்லு? ஆத்துக்கு அங்கால உள்ள நெல்லு. தண்ணி பாயிற நாளையில அந்தப் பால் எங்கட முத்தத்துலயே புளிச்சிப் போகுது, அந்தப் பாலை எந்த நெட்டுல ஏத்தி அனுப்புற? மாட்டுக்கு வழி இல்லாத ஊர்ல மனிசனுக்கு மட்டும் எப்பிடி வழி வரும் சொல்லுங்க?

கியூஆர் நல்லதுதான், நான் மறுக்கல்ல. 2022 ஜூலையில எரிபொருள் கியூஆர் வந்துதான் பெற்றோல் செட்டுல நாள் கணக்கா நிண்ட லைன் குறைஞ்சிது, மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர் எண்டாலும் நிச்சயமாக் கிடைச்சிது. அது செலவு குறைஞ்ச, புத்தியான வேலை. ஆனா அந்த 4 லீற்றர அடிச்சிட்டு ஓடுறதுக்கு ரோட்டு வேணும்.

காசு இல்ல எண்டு சொல்லாதீங்க. 2013ல மத்தளையில சீனக் கடன்ல ஏர்போட் திறந்தாங்க. அதே வருசம் கல்லடியில புதுப் பாலம். 2014ல ஜப்பான் உதவியில மண்முனைப் பாலம், அதுக்கு முதல் அவடத்த பாதைக்கு, பாதை எண்டு நாங்க சொல்ற மிதவைக்குக் காத்து நிண்டு ஏறி வந்த சனம் இந்தச் சபையிலயும் இரிக்கு. இப்ப போய்ப் பாருங்க, மத்தளையில பிளேனை விரல் விட்டு எண்ணலாம், மண்முனையில வாகனத்தை எண்ண ஏலா.

நடுவர் ஐயா மணி அடிக்கப் போறார், ஒண்டு சொல்லிட்டு இருக்கன். 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியல்ல, பாதை கவுண்டிச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போன புள்ளைகள் மௌத்தாப் போச்சு. 2024 நவம்பர் 26, இஞ்ச நம்மட மாவடிப்பள்ளி. மதரஸாவுல இருந்து வீட்டுக்குப் போன புள்ளைகள், உழவு மெசின் பெட்டியில, எங்கட பெத்தா ஏறின மாதிரி அதே பெட்டியில, வெள்ளம் இழுத்துட்டுப் போச்சு. அண்டைக்கு எங்கட ஊர்ல ஒரு அடுப்பு எரியல்ல. பெத்தா வாசல்ல குந்திக்கிட்டு, "நான் ஏறி வந்தனே மனே, அதே பெட்டிதானே, கிழவி எனக்கு ஒண்டும் ஆகல்லியே" எண்டு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதா. நான் என்ன சொல்ற? எனக்கு வாய் வரல்ல.

இப்ப ஐப்பசி பொறந்திட்டு. பெத்தா நேத்து என்னைக் கூப்புட்டு, மாரிக்கு முதல் ரெண்டு மாசத்து பிரசர் குளிசையை வாங்கி வச்சிரு மனே எண்டா. இந்தா, துண்டு பொக்கற்றுக்குள்ள இரிக்கு, கூட்டம் முடிய பாமசிக்குத்தான் போறன். வணக்கம்.