இதயம் இல்லாமல் மேலேறும் நிணநீர்

[காட்சி: திசுவுக்குள் ஓடும் ரத்தத் தந்துகி]

ரத்தத் தந்துகிகள், அதாவது மயிரிழை போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள், எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். செல்களுக்கு உணவு போய்ச் சேருவதே அந்தக் கசிவில்தான். மனித உடலில் தினமும் சுமார் 3 லிட்டர் திரவம் நேராக ரத்தத்துக்குத் திரும்பாமல் திசுவிலேயே நின்றுவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவே நம் உடலில் மொத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான்! அதை மீட்டுத் தருவது நிணநீர் மண்டலம்.

[காட்சி: முனை மூடிய நிணநீர்த் தந்துகி]

இதன் சுவர்ச் செல்கள் மீன் செதில்போல விளிம்பின்மேல் விளிம்பு படிந்திருக்கும். மெல்லிய இழைகள் அவற்றைச் சுற்றுத் திசுவோடு கட்டி வைத்திருக்கும். திசுவில் நீர் கூடினால் இழை இழுபடும், செதில் திறக்கும். ரத்தத் தந்துகிக்குள் திரும்ப நுழைய முடியாத புரதங்களும் இந்த வழியாகத்தான் உள்ளே போகும். உள்ளே அழுத்தம் ஏறியதும் செதில் மூடிக்கொள்ளும்.

[காட்சி: தவளை, பிறகு மனிதக் கால்]

தவளைக்கு இந்த நீரைத் தள்ளவென்றே தனி நிணநீர் இதயங்கள் உண்டு. பாலூட்டிகளுக்கு இல்லை. அப்படியானால் பாதத்து நீர் கழுத்துவரை ஏறுவது எப்படி? குழாயே துடிக்கிறது. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும், லிம்ஃபாஞ்சியான் என்று பெயர், நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்கி அடுத்த துண்டுக்குத் தள்ளும். கெண்டைக்கால் தசையும் மூச்சும் கூடவே பிழிந்துவிடும். வால்வு கீழே இறங்க விடாது.

[காட்சி: நிணநீர் முடிச்சின் குறுக்குவெட்டு]

வழியில் முடிச்சுகள். கிருமி வந்தால் அங்கே வெள்ளணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும். நெறி கட்டுவது இதுதான். கால்விரலில் புண் என்றால் தொடையிடுக்கில் கட்டும், தொண்டைப் புண் என்றால் கழுத்தில். எந்தப் பகுதியின் நீர் எங்கே வடிகிறது என்பதை நெறியே காட்டிக்கொடுக்கும்.

குடலிலிருந்து வரும் நிணநீர், கொழுப்பைச் சுமப்பதால், பால்போல வெளுத்திருக்கும். 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, தீனி தின்ற நாயின் வயிற்றில் அந்த வெள்ளைக் குழாய்களைப் பார்த்தார்.

கடைசியில் எல்லாம் கழுத்தடிச் சிரைகளில் கலக்கும். வலக்கை, தலையின் வலப்பக்கம், மார்பின் வலப்பக்கம் இவற்றின் நீர் வலது பக்கமாகவும், மற்றதெல்லாம் இடது பக்கமாகவும் சேரும்.

[காட்சி: விரிந்துபோன குழாய், ஒட்டாத வால்வு]

யானைக்கால் புழு குழாய்க்குள் குடியேறினால் குழாய் விரியும். வால்வு இதழ்கள் ஒன்றையொன்று தொடாது. நீர் தேங்கும், அதோடு புரதமும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை இங்கே உதவாததற்குக் காரணம் அதுதான்: நீர் போனாலும் புரதம் அங்கேயே இருக்கும், மறுபடி நீரை இழுக்கும். நாளடைவில் நாரும் கொழுப்பும் படிந்து தோல் தடிக்கும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், தடித்தபின் விழாது. அந்தக் குழி விழும் கட்டத்திலேயே தோலைச் சுத்தமாக வைத்து, காலை உயர்த்தி, பயிற்சி பெற்றவர் கையால் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி அழுத்தக் கட்டுப் போடத் தொடங்க வேண்டும்.