ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகுற டீசல் வண்டி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோத்தகிரி பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், டீசல் வண்டிதான் அதிகமா வரும், பிக்கப், மேக்ஸி கேப், ஜீப்பு, டீ எஸ்டேட்ல இலை ஏத்துற வண்டி, இப்படி. ரேடியோ ஸ்டேஷன்ல கூப்பிட்டு ரீகால் பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன், ஏன்னா இந்த விஷயம் நம்ம மலைக்கு வந்து சேர்றதே இல்ல.

ரீகால்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க. கம்பெனி வண்டிய வித்த பிறகு, இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் செஞ்ச வண்டில ஒரு பார்ட் சரியில்லன்னு கண்டுபிடிச்சா, கொண்டாங்க, காசு வாங்காம மாத்தித் தர்றோம்னு சொல்றது. அந்த மாடல் மொத்தமும் மோசம்னு அர்த்தம் இல்ல, பல பேர் அப்படி நினைச்சு பயந்துடுறாங்க. 2021 பிப்ரவரில மஹிந்திரா தார் டீசல் வண்டிய திரும்பக் கூப்பிட்டாங்க, கேம்ஷாஃப்ட்னு இன்ஜினுக்குள்ள இருக்குற பார்ட்ல பிரச்சனை, மொத்தமே 1,577 வண்டி, 2020 செப்டம்பர் 7ல இருந்து டிசம்பர் 25 வரைக்கும் செஞ்சது மட்டும். அதே வருஷம் ஜூலைல நாசிக் ஃபேக்டரில ரெண்டு வாரத்துக்குள்ள தயாரான அறுநூறுக்கும் கம்மியான டீசல் வண்டிய அதே கம்பெனி கூப்பிட்டாங்க, காரணம் என்னன்னா ஃபேக்டரிக்கு வந்த எரிபொருள்ல கலப்படம் இருந்திருக்கலாம், அதனால இன்ஜின் பார்ட் சீக்கிரம் தேயலாம்னு சந்தேகம். அதுக்கும் முன்னாடி 2011ல மாருதி 13,157 டீசல் கார கூப்பிட்டாங்க, ஸ்விஃப்ட், டிசைர், ரிட்ஸ், கனெக்டிங் ராடு போல்ட்ட செக் பண்றதுக்கு. அப்பல்லாம் சட்டமே கிடையாது, கம்பெனியா மனசு வச்சு செஞ்சதுதான்.

இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே நிக்குற கேஸுக்கு வர்றேன். அமெரிக்கால 2021 நவம்பர்ல ராம்னு ஒரு கம்பெனியோட 2500, 3500 மாதிரி பெரிய வண்டிங்க, 2019, 2020 மாடல், கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 2,22,410 வண்டிய ரீகால் பண்ணாங்க. டீசல அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புற ஹை பிரஷர் பம்பு கெட்டுப்போய் வண்டி ஓட்டத்துலயே ஆஃப் ஆகலாம்னு சொல்லித்தான். அந்த வண்டி நம்ம ரோட்டுல கிடையாது, ஆனா காமன் ரயில் டீசல் இன்ஜின், அதாவது பம்பு அழுத்துற டீசல் ரயில்னு ஒரே குழாய்ல சேர்ந்து, அங்க இருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போற இன்ஜின், அது இல்லாத ஊர் இப்ப எங்க இருக்கு, நம்ம பிக்கப்புலயும் அதே வேலைதான் உள்ள நடக்குது.

அந்த பம்புக்கு தனியா ஆயில் கிடையாதுங்க, உள்ள போற டீசலே அதுக்கு ஆயில் மாதிரி. அந்த வழவழப்பு பத்தலன்னாலோ தண்ணி கலந்திருந்தாலோ உள்ள இரும்பும் இரும்பும் உரசி பொடி விழும். அந்தப் பொடி சும்மா இருக்காது, ரயிலுக்குப் போகும், டீசல் தெளிக்கிற இன்ஜெக்டருக்குப் போகும், ரிட்டர்ன் லைன்ல திரும்பி டேங்குக்கே வந்துடும். அப்ப பம்பை மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, லைன் மொத்தத்தையும் கழட்டணும், ரிப்பேர் பில்லு சுலபமா லட்சத்தைத் தாண்டிடும். டீசல் ஃபில்டர் மாத்தும்போது பழைய ஃபில்டர்ல இருக்குற டீசல ஒரு வெள்ளைத் துணில ஊத்திப் பாருங்க, மினுமினுன்னு தெரிஞ்சா வண்டிய ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்க கூப்பிடுங்க. ஏத்தத்துல திடீர்னு இழுவை குறையுறது, காலைல ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுறது, டேஷ்போர்டுல இன்ஜின் லைட் வந்து வந்து போறது, இதெல்லாம் பல தடவ முன்னாடியே வரும். குளிருக்குத்தான் இப்படின்னு நம்மாளுங்க விட்டுடுவாங்க. எல்லாத்துக்கும் குளிரையே சொன்னா எப்படிங்க.

சமவெளில இன்ஜின் ஆஃப் ஆனா இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டிடலாம். கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி, ஊட்டில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி ரோட்டுல 36, அங்க ஓரம்னு ஒண்ணு எங்கீங்க இருக்கு? அதுலயும் டீசல் வண்டிக்குன்னு ஒரு தனி தொல்லை. பிரேக் மிதிக்கிறப்ப லேசா இருக்கே, அது வேக்கம் பூஸ்டர் பண்ற வேலை, வேக்கம்னா காத்த உறிஞ்சி எடுத்தா வர்ற இழுப்பு. பெட்ரோல் இன்ஜின்ல அந்த வேக்கம் இன்ஜினே உறிஞ்சிக் குடுத்துடும், டீசல்ல அதுக்கு தனியா ஒரு பம்பு, அதை ஓட்டுறது இன்ஜின். இன்ஜின் சுத்துறது நின்னா பூஸ்டர்ல மிச்சம் இருக்குறது ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லு. ஆயில்ல வேலை செய்யுற பவர் ஸ்டியரிங்கும் அப்படியேதான், திரும்பும், ஆனா ரெண்டு கையும் போட்டு இழுக்கணும். பஸ்ஸு, லாரில காத்து பிரேக்கு, காத்து அடைக்கிற கம்ப்ரஸர் நின்னா டேங்க்ல இருக்குற காத்து தீர்ற வரைக்கும்தான், காத்து ரொம்ப இறங்கிட்டா ஸ்பிரிங் பிரேக் தானா பிடிச்சுக்கும்.

இப்ப சொல்லப்போறத டிரைவருங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. இறக்கத்துல கியர்ல வந்துட்டு இருக்கும்போது டீசல் போகாம இன்ஜின் செத்துச்சுன்னா உடனே நம்ம கால் எங்க போகும்? கிளட்சுக்கு. மிதிக்காதீங்க. கிளட்ச மிதிக்காம கியர்லயே விட்டா சக்கரம் இன்ஜினை சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் சுத்துனா வேக்கம் பம்பும் சுத்தும், ஸ்டியரிங் பம்பும் சுத்தும், இன்ஜின் பிரேக்கும் அப்படியே பிடிச்சிட்டு இருக்கும். பிரேக்க பொத்து பொத்துன்னு அடிக்காம ஒரே மிதியா அழுத்தி, மலைப்பக்கமா ஒதுங்கி நிறுத்துங்க. சாவிய மட்டும் உருவிடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும். ஆட்டோமேட்டிக் வண்டில சக்கரம் இன்ஜினை இப்படி சுத்தும்னு நம்ப முடியாது, அதுல அந்த முதல் மிதியிலயே நிறுத்தியாகணும். நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு டீசல் மிச்சம் பண்றோம்னு இறங்குறவங்களுக்கு இதெல்லாம் எதுவும் உதவாது, அவங்க கிட்ட நான் சண்டை போட்டு ஓஞ்சுட்டேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்தி 110ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, 2021 ஏப்ரல் 1ல இருந்து அதுக்கான விதிமுறை நடைமுறைல இருக்கு, அரசாங்கமே கம்பெனிய ரீகால் பண்ணச் சொல்லலாம், கம்பெனிக்கு 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் அபராதம் போகும். ஆனா அந்த கட்டாயம் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். நம்ம மலைல ஓடுற வண்டில பாதிக்கு மேல வயசுல மூத்ததா இருக்கும்னு என் கண்ணுக்குத் தெரியுது, அப்ப சட்டத்த நம்பி உக்காந்திருக்க முடியாது.

நிஜமான சிக்கல் இன்னொண்ணு. கம்பெனி லெட்டர் போடுறதும் மெசேஜ் அனுப்புறதும் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குற ஓனருக்கு. நம்மாளு வாங்குனது செகண்ட் ஹேண்ட், தேர்ட் ஹேண்ட். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், கேரட் லோடு அடிக்கிறவரு, திருப்பூர் பார்ட்டிகிட்ட பிக்கப் வாங்குனாரு, ஆர்சி பேர் மாத்தியாச்சு, இன்சூரன்ஸ் மாத்தியாச்சு, ஆனா கம்பெனிகிட்ட ஃபோன் நம்பர் இன்னும் திருப்பூர்க்காரரோடதுதான், அந்த ஆளு மெசேஜ பார்த்துட்டு வண்டிதான் வித்தாச்சேன்னு அழிச்சிட்டாரு. இவரு அதே வண்டில விடியறதுக்கு முன்னாடி லோடோட மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிட்டு இருந்தாரு. ஆயில் மாத்த என்கிட்ட வந்தப்ப சேஸிஸ் நம்பர் போட்டுப் பார்த்ததுலதான் ரீகால் பெண்டிங்ல இருக்குறது தெரிஞ்சுது. ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் கேக்குறாங்க, வண்டி நம்பர், எத்தனை பேரு எல்லாம் கேக்குறாங்க, அந்த நம்பர வச்சே ரீகால் பாக்கி இருக்கான்னு ஒரு வரி காட்டுனா எவ்வளவு நல்லாருக்கும், யாராவது அதிகாரிங்க கேட்டுட்டு இருந்தா யோசிங்க.

அது வரைக்கும் நாமளே பாத்துக்க வேண்டியதுதான். ஆர்சி புக்குல சேஸிஸ் நம்பர்னு 17 எழுத்து இருக்கும், அதை கம்பெனி வெப்சைட்ல போடுங்க, நெட் தெரியலன்னா கம்பெனி கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணி நம்பர சொல்லுங்க, அப்படியே உங்க பேரு ஃபோன் நம்பர அதுல ஏத்தச் சொல்லிடுங்க, இது ரொம்ப முக்கியம். பாக்கி இருக்குன்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு நேரா கோயமுத்தூர் ஓடாதீங்க. முதல்ல பார்ட் ஸ்டாக்ல இருக்கான்னு கேளுங்க, ஒரு நாள் கூலிய விட்டுட்டு போய் இல்லன்னு திரும்பி வர்றது யாருக்கு ஆகும். இந்த ஃபால்ட்டோட வண்டி ஓட்டலாமா கூடாதான்னும் அவங்ககிட்டயே கேளுங்க, கூடாதுன்னா டோ பண்ண வண்டி அனுப்புவீங்களான்னு அடுத்த கேள்வி கேளுங்க. வேலை முடிஞ்சதும் ரீகால்ல மாத்துனதுன்னு பில்லுல எழுதி வாங்குங்க, ரூபா ஜீரோன்னு போட்டிருக்கணும், அதை ஆர்சியோட வச்சுக்குங்க, நாளைக்கு நீங்க வண்டிய விக்கும்போது வாங்குறவரு கேப்பாரு.

வர்றேனுங்க, வணக்கம்.