விமானம் தயார், பறக்க உரிமை?

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் குறிப்பில் பாதியை முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற விமானப் படை அதிகாரி அவர்களே, மேடைக்கு வர மறுத்துத் தூண் ஓரமாக அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்கள் சொல்ல வந்தேன். வான்வழி உரிமையை யார் கொடுக்கிறார்கள், அது யார் கைக்குப் போகிறது, விமான நிலையங்களில் இறங்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்.

1944-ல் சிகாகோவில் 52 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அவரவர் நாட்டுக்கு மேலே உள்ள வானம் அவரவருக்கே சொந்தம் என்று உறுதி செய்தார்கள். அதனால் விமானமும் பணமும் மட்டும் இருந்தால் வெளிநாட்டுக்குப் பறந்துவிட முடியாது. இரண்டு அரசுகள் உட்கார்ந்து, எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்த நிறுவனம் என்று பேசி முடிக்க வேண்டும். சரி, அரசே பேசி வாங்கிவிட்டால் புதிய நிறுவனத்துக்குக் கிடைத்துவிடுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்!

பிரிட்டனில் ஃப்ரெடி லேக்கர் என்று ஒருவர். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு, முன்பதிவு கிடையாது, வந்து டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்ளுங்கள் என்றொரு மலிவுச் சேவைக்கு 1971-ல் விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே உரிமம் கிடைத்தது. அப்புறம் அமெரிக்கத் தரப்பு அனுமதி வேண்டுமே? ஆண்டுகள் ஓடின. இதற்குள் பிரிட்டனில் ஆட்சி மாறியது. 1975-ல் சொந்த அரசாங்கமே கையை விரித்தது. அரசு விமான நிறுவனத்துக்குப் போட்டி வரக் கூடாதாம். மனிதர் விடவில்லை, தன் அரசின் மீதே வழக்குப் போட்டார். 1976 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1977-ல் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் ஒப்புதல் தந்தார். அந்தச் செப்டம்பரில் முதல் விமானம் கிளம்பியபோது ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. சனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். கவனியுங்கள், விண்ணப்பத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் ஆறு ஆண்டு! 1982-ல் அந்த நிறுவனம் திவாலானது, அது வேறு கதை. ஆனால் வழி மறித்தது வெளிநாட்டுக்காரன் மட்டும் இல்லை, வீட்டுப் பூசாரியும்தான்.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? வெளிநாடு பறக்க ஐந்து ஆண்டு அனுபவமும் 20 விமானமும் வேண்டும் என்றொரு விதி 2016 வரை இருந்தது. அந்த ஆண்டு ஐந்து ஆண்டு நிபந்தனையை எடுத்தார்கள், விமானக் கணக்கை விடவில்லை. அந்த விதி இருந்த காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தாராளமாக வந்து இறங்கின. நம்மூர்ப் புதியவர் மட்டும் காத்திருந்தார்.

மூன்றாவது விஷயம்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

நான் எந்த மேடையிலும் அரசிடம் விடாமல் கேட்பது ஒன்றுதான். பழைய நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, தொடர்ந்து இரண்டு அட்டவணைக் காலம் (கோடை, குளிர் என ஆண்டுக்கு இரண்டு) பறக்காமல் விட்ட இருக்கைகளைத் திரும்பப் பெறுங்கள், வரிசையில் நிற்கும் புதியவர்களுக்குக் கொடுங்கள். யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்பதையும் வெளியிடுங்கள். இல்லையென்றால் அமைச்சர் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும், சாமி வரம்தான், பூசாரி கதைதான்.

மனு வாசலருகே மேஜையில் இருக்கிறது. பேனா இரண்டுதான், தயவுசெய்து யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள். வணக்கம்.