மெக்கானிக்காகச் சேர்ந்தால் கடைசிவரை ஸ்பேனர்தானா?

டிப்ளமோ படிக்கும் ஒரு தம்பி அனுப்பிய கேள்வி இது: “பார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காகச் சேர்ந்தால் கடைசிவரை ஸ்பேனர்தானா, மேலே போக வழி உண்டா அண்ணா?” இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வழி உண்டு தம்பி. ஜொனாதன் வீட்லி என்று ஒருவர். 1990களின் தொடக்கத்தில் பெனட்டன் அணியில் இளநிலை மெக்கானிக்காகச் சேர்ந்தார். அந்த அணி ரெனோ என்று பெயர் மாறிய காலத்தில் தலைமை மெக்கானிக் ஆகியிருந்தார். 2006-ல் ரெட்புல் என்ற இன்னொரு அணிக்கு டீம் மேனேஜராகப் போனார். அப்புறம் அங்கேயே ஸ்போர்டிங் டைரக்டர். 2025 ஏப்ரலில் சாபர் அணியின் டீம் பிரின்சிபல், அதாவது அணித் தலைவர், ஆனார்.

ஸ்போர்டிங் டைரக்டர் காரை வடிவமைப்பவர் இல்லை. விதிப்புத்தகம், நடுவர்களுடன் பேச்சு, கேரேஜில் இருக்கும் ஆட்கள், பிட் ஸ்டாப் (பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற கார் நிற்பது), இவைதான் அவர் பொறுப்பு. பிட் ஸ்டாப் பற்றி முன்பே இரண்டு முறை பேசிவிட்டேன், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: சக்கர நட்டைக் கழற்றி முடுக்கும் கன்னைப் பிடிப்பவர், பழையதைக் கழற்றுபவர், புதியதை மாட்டுபவர். முன்னும் பின்னும் ஜாக், காரை ஆடாமல் பிடிக்க இரண்டு பேர் என்று இருபது பேர் வரை நிற்பார்கள். 2019-ல் ரெட்புல் ஒரே சீசனில் மூன்று முறை உலகச் சாதனையை முறியடித்தது. முதலில் 1.91, அடுத்து 1.88, கடைசியாகப் பிரேசிலில் 1.82 விநாடி. யாருடைய கை வேகமும் மட்டும் இதைச் செய்யாது. யார் எங்கே நிற்கிறார், எது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதே அணிதான் 2016 மொனாக்கோவில் தவறியது. அவர்களின் ஓட்டுநர் ரிக்கார்டோ முதலிடத்தில் இருந்தபடி டயர் மாற்ற வந்து நின்றார், டயர் தயாராக இல்லை. இடநெருக்கடியான அந்த கேரேஜுக்குள்ளிருந்து ஆட்கள் டயரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை டிவியில் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். எதிரணி ஓட்டுநர் ஹாமில்டன் ஜெயித்தார். அன்று யார் கையும் மெதுவாக இல்லை. எடுக்க வேண்டிய டயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மேலே போவது எப்படி என்று கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டியது 2020 ஹங்கேரி பந்தயத்தைப் பற்றி என்பேன். பந்தயம் தொடங்கும் முன்னே, ஈரத் தடத்தில் கிரிட்டுக்கு (கார்கள் வரிசையாக நின்று கிளம்பும் இடம்) வரும் வழியில் ரெட்புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் தடுப்பில் மோதினார். முன் இடது சஸ்பென்ஷன் உடைந்தது. சாதாரணமாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் வேலை, கிரிட்டிலேயே சுமார் இருபது நிமிடத்தில் முடிந்தது. வேலை முடிந்தபோது சில விநாடிகள்தான் மிச்சம். அந்தக் கார் இரண்டாவதாக வந்தது. உதிரிப்பாகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் அதை எடுக்க ஓடுவது என்று அங்கே நின்று யோசித்திருந்தால் முடிந்திருக்குமா?

மெக்கானிக்குக்கு இது உடம்போடு ஊறிய விஷயம். அதனால்தான் வீட்லி போன்றவர்கள் மேலே போகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்லி சாபரில் பொறுப்பேற்ற நான்காம் மாதம், சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் 19-ம் இடத்திலிருந்து கிளம்பிய சாபர் ஓட்டுநர் ஹுல்கன்பெர்க் மூன்றாவதாக வந்தார். 239 பந்தயங்களில் ஹுல்கன்பெர்க்குக்கு முதல் போடியம், அதாவது முதல் மூன்று இடத்துக்குள் வருவது. மழை விட்டு விட்டுப் பெய்த அன்று, டயரை எப்போது மாற்றுவது என்ற முடிவு ஒவ்வொன்றும் சரியாக விழுந்தது.

தம்பி, அடுத்த பந்தயத்தில் பிட் ஸ்டாப் வரும்போது காரைப் பார்க்காதீர்கள். முன் ஜாக்கோடு நிற்பவரின் கால்களைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.