வாங்கிய கோப்பையா, கொடுத்த பந்தா?

நடுவர் அவர்களே, ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் குகைப் பகுதியில் கூடியிருக்கும் பெரியோர்களே, கையில் தட்டுவடை செட் இருப்பதால் கைதட்ட முடியாமல் தவிக்கும் தம்பிகளே, வணக்கம்.

'கூடைப்பந்து கார்டுக்குப் பெருமை வாங்கிய கோப்பையா, கொடுத்த பந்தா?' இதுதான் தலைப்பு. கார்டு என்றால் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற ஆட்டக்காரர். எதிரணி அண்ணன் மைக்கேல் ஜோர்டானின் 6 கோப்பைகளையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். "கோப்பை இல்லாதவன் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், அண்ணே. ஆளின் பெயர் ஜான் ஸ்டாக்டன்.

1984-ல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் நடத்திய புது வீரர் தேர்வில் உட்டா ஜாஸ் அணி 16-வது ஆளாக அவரை எடுத்தது. அதே தேர்வில் ஜோர்டான் 3-வது. ஸ்டாக்டன் உயரம் 6 அடி 1 அங்குலம். நம்ம ஊரில் நெட்டை, என்பிஏ-வில் குட்டை. 2003 வரை 19 சீசன், ஒரே அணி. அதில் 17 சீசன்களில் ஒரு லீக் ஆட்டத்துக்குக்கூட லீவு போடவில்லை. நம்மில் யார் அப்படி ஆபீஸ் போகிறோம்? வேண்டாம், அந்தப் பேச்சை விடுங்கள்.

அவர் கொடுத்த அசிஸ்ட், அதாவது வாங்கியவர் கூடையில் போட்டுப் புள்ளியாக்கிய பந்து, 15,806. இன்றுவரை அதுதான் உச்சம்; அடுத்த இடத்தில் இருப்பவர் 3,000-க்கும் மேல் பின்னால் நிற்கிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். நான் எவ்வளவு அழகாகப் பந்தைக் கொடுத்தாலும், வாங்கியவர் கோட்டைவிட்டால் என் கணக்கில் ஒன்றும் ஏறாது. அடுத்தவர் ஜெயித்தால்தான் இவருக்கு வரவு.

அவரும் அதே அணியின் கார்ல் மலோனும் ஆடிய 'பிக் அண்ட் ரோல்' எப்படி என்று பார்ப்போம். ஸ்டாக்டனைத் துரத்துகிறவரின் வழியில் மலோன் போய் அசையாமல் நிற்பார். ஸ்டாக்டன் மலோனின் தோளை உரசிக்கொண்டு கடப்பார். துரத்தி வந்தவர் மலோன் மேல் முட்டிக்கொண்டு நிற்பார். இப்போது மலோனைக் காவல் காத்தவருக்குத்தான் தர்மசங்கடம்: ஸ்டாக்டனைப் பிடிப்பதா, கூடைப் பக்கம் திரும்பி ஓடுகிற மலோனைப் பிடிப்பதா? அவர் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் பந்து தரையில் ஒரு தட்டுத் தட்டி மலோன் கைக்குப் போயிருக்கும். இதுதான் வரும் என்று எல்லா அணிக்கும் தெரியும். தெரிந்தும் மாட்டினார்கள்.

மலோன் 36,928 புள்ளி எடுத்தார் என்று உலகமே வியக்கிறது. நம்ம வண்டி வேடிக்கையிலும் சாமி வேஷம் கட்டி மேலே நிற்பவரைத்தானே பார்க்கிறோம். வண்டியை ஓட்டி வருகிறவரை யார் பார்க்கிறார்கள்?

"சரி, கடைசியில் கோப்பை வந்ததா?" வரவில்லை. 1997, 1998 இரண்டு இறுதிச் சுற்றிலும் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியிடம் ஆட்டக் கணக்கில் 4-2 என்று தோற்றார்கள். 1998-ல் கடைசி ஆட்டத்தின் கடைசி வீச்சு ஸ்டாக்டன் கையில்தான் இருந்தது. விழவில்லை. ஒரே புள்ளியில் போயிற்று. இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் 1997-ன் ஆறாவது ஆட்டத்தை எதிரணி ஏன் மறைத்தது? 86-86. இன்னும் சில நொடிதான். பந்து ஜோர்டானிடம். ஸ்டாக்டன் தான் காக்க வேண்டிய இன்னொரு புல்ஸ் வீரர் ஸ்டீவ் கெர்ரை விட்டுவிட்டு ஜோர்டானை மறிக்க ஓடுகிறார். ஜோர்டான்தான் வீசுவார் என்று அரங்கமே காத்திருக்கிறது. அவரோ பந்தைக் கெர்ரிடம் கொடுத்துவிட்டார். கெர் வீசினார், விழுந்தது. ஆட்டம் 90-86 என்று முடிந்தது. அண்ணன் எண்ணிய 6 கோப்பைகளில் ஐந்தாவது அப்படி வந்ததுதான்.

நடுவர் அவர்களே, அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தது எது? அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் மற்றதைப் பேசட்டும். மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன். வணக்கம்.