கைப்பிடியை இழுத்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து கைதட்டலின் சூட்டில் இன்னும் குளிர்காய்ந்துகொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘வி ஃபார் வென்டெட்டா’ படத்தில் விடுதலையைக் கொண்டுவந்தது முகமூடி வீரனா, அச்சம் தெளிந்த எளிய மக்களா என்பது தலைப்பு. எதிரணித் தலைவி பதினைந்து நிமிடம் பேசினார். அதில் பத்து நிமிடம் கத்திச் சண்டை. மேடையில் கத்தி இல்லை என்பதுதான் குறை, நடுவர் அவர்களே. அவர் வீசிய வீச்சில் முன்வரிசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டதை நானே பார்த்தேன்.

சண்டையில் கதை காணாமல் போய்விட்டது. படம் பார்க்காதவர்களுக்காக நான்கு வரி சொல்லிவிடுகிறேன். வருங்கால இங்கிலாந்து. சட்லர் என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தால் ரகசியக் காவலர்கள் பிடிப்பார்கள். வீட்டுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்கத் தெருவில் வேன்கள் சுற்றும். பிடிபட்டவர் தலையில் கறுப்புப் பை கவிழும், அதோடு அவர் கதை முடிந்தது. இந்த ஊரில் கை ஃபாக்ஸ் என்ற பழைய சதிகாரரின் முகம் கொண்ட முகமூடி அணிந்த ‘வி’ என்பவன் ஒரு நவம்பர் 5 அன்று ஓல்ட் பெய்லி நீதிமன்றக் கட்டடத்தைத் தகர்க்கிறான். அடுத்த ஆண்டு இதே நாளில் நாடாளுமன்றக் கட்டடம், வந்து என்னோடு நில்லுங்கள் என்று தொலைக்காட்சியில் மக்களை அழைக்கிறான்.

ஏன் அழைக்க வேண்டும்? தனியாளாகவே எல்லாம் செய்யக்கூடியவனுக்குக் கூட்டம் எதற்கு? அதே உரையில் அவன் இன்னொன்றும் சொல்கிறான்: இந்த நிலைக்குக் காரணமானவர் யார் என்று அறிய விரும்பினால் கண்ணாடியைப் பாருங்கள் என்கிறான். சட்லர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். கொள்ளைநோய் பரவியது, மக்கள் நடுங்கினார்கள், காப்பாற்றுகிறேன் என்றவருக்கு ஓட்டுப் போட்டார்கள். நோயைப் பரப்பியதே அந்தக் கட்சிதான் என்பது பின்னால் வெளிவருகிறது. அச்சம் போட்ட பூட்டு அது. அச்சத்தை விட்டவர்தானே அதைத் திறக்க முடியும்?

இப்போது எதிரணியிடம் ஒரு கேள்வி. அந்த ‘வி’யை உருவாக்கியது யார்? லார்க்ஹில் என்ற முகாமில், மனிதர்களை வைத்து மருந்துச் சோதனை செய்த இடத்தில், அவன் ஐந்தாம் அறைக் கைதி. ரோம எண்ணில் ஐந்தைக் குறிக்கும் எழுத்துத்தான் அவன் பெயர். பக்கத்து அறையில் வேலரி என்ற நடிகை. இன்னொரு பெண்ணைக் காதலித்ததுதான் அவள் செய்த குற்றம். ஒளித்துவைத்த ஒரு சிறு பென்சிலால், கழிப்பறைத் தாளில் தன் வாழ்க்கையை எழுதிச் சுவர் ஓட்டை வழியாகத் தள்ளிவிடுகிறாள். எல்லாவற்றையும் பறித்த பிறகும் தன்னிடம் ஓர் அங்குலம் மிச்சமிருக்கிறது, அதை இவர்களிடம் கொடுக்க மாட்டேன் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். யாருக்கு எழுதுகிறாள்? முகம் தெரியாத ஒருவருக்கு. யாராக இருந்தாலும் உன்னை நேசிக்கிறேன் என்று முடிக்கிறாள்.

கத்தி இல்லை, வெடிமருந்து இல்லை, முகமூடியும் இல்லை. பென்சில். எதிரணி நண்பர்கள் பத்து நிமிடம் வீசிய கத்தி அந்தப் பென்சிலின் முனையில் தீட்டப்பட்டது, நடுவர் அவர்களே!

அதே கடிதம்தான் பிறகு ஈவி என்ற பெண்ணின் கைக்குப் போகிறது. நட்டாலி போர்ட்மேன் நடித்த வேடம். கேமரா முன்னாலேயே அவர் தலையை மழித்தார்கள். எதிரணியினர் இந்தப் பகுதியை மட்டும் தொடாமல் தாண்டிப் போனதைக் கவனித்தீர்களா? ஈவியைச் சிறையில் அடைத்து, மொட்டையடித்து, ‘வி எங்கே’ என்று வதைத்தது அரசு அன்று. அந்த ‘வி’யேதான். காவலாளி என்று நாம் நினைத்தது துணிக்கடைப் பொம்மை. அவளுக்குத் துணிவு கற்றுத்தந்தானாம்! ஊர்க்கோழியைத் திருடித் தின்றவன், கோழிக்கு விடுதலை வாங்கித் தந்தேன் என்று சொன்னால் எப்படி? வீரன் என்று நீங்கள் தோளில் தூக்குகிறவன் சட்லரின் முறையைக் கடன் வாங்கியவன். ‘சாகிறேன், சொல்ல மாட்டேன்’ என்று ஈவி சொன்னாளே, அந்தச் சொல் மட்டும் அவன் கொடுத்தது அன்று.

முகமூடிக்கு வருகிறேன். உண்மையான கை ஃபாக்ஸ் 1605-ல் நாடாளுமன்றத்தின் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டவர். அவருடைய கூட்டத்துக்கு மக்களாட்சியைப் பற்றிய கவலையே இல்லை. கத்தோலிக்க அரியணை வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு மொட்டைக் கடிதம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக இங்கிலாந்து மக்கள் அவர் பொம்மையைத்தான் நவம்பர் 5 அன்று கொளுத்துகிறார்கள். 36 பீப்பாய் இருந்தது, மக்கள் இல்லை. அதுதான் நடந்தது. இன்று உலகெங்கும் போராட்டங்களில் அதே முகமூடி தெரிகிறதே என்றார் எதிரணித் தலைவி. தெரிகிறது, அம்மா. ஒவ்வொரு அசல் முகமூடி விற்கும்போதும் அமெரிக்கப் பட நிறுவனத்துக்கு உரிமைத்தொகை போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன், ஐயா.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. சட்லரையும் காவல்தலைவன் கிரீடியையும் ‘வி’ ஒழித்ததால்தான் சுடச் சொல்லி உத்தரவு வரவில்லை, அதனால்தான் இராணுவம் கூட்டத்துக்கு வழிவிட்டது என்கிறார்கள். திரைக்கதைப்படி சரி. நிஜத்தில் ஒருமுறை பார்த்துவிடுவோம். 1989 அக்டோபர் 9, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். சுமார் 91,000 முழுநேர ஊழியர்களோடு ஒட்டுக்கேட்ட ரகசியக் காவல்துறை அந்த நாட்டில் இருந்தது. அன்று மாலை கைக்குண்டு இல்லை, முகமூடி இல்லை, மெழுகுவத்தி ஏந்தி 70,000 பேர் நடந்தார்கள். ஆயுதத்தோடு காவலர்கள் நின்றிருந்தார்கள். மருத்துவமனைகள்கூட காயம்பட்டவர்களை எதிர்பார்த்துத் தயாராயிருந்தன. அங்கே யாரும் எந்தத் தலைவரையும் கொல்லவில்லை. ஆனாலும் சுடவில்லை. அத்தனை பேர் வருவார்கள் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் எண்ணவே இல்லை. சரியாக ஒரு மாதம், நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்துவிட்டது.

லைப்சிக்கில் அந்த வரிசையில் நடந்த முதல் ஆளின் பெயரை இந்த அவையில் யாராவது சொல்ல முடியுமா? எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்தக் கைப்பிடி. வெடிமருந்து நிரப்பிய சுரங்க ரயில் தயாராக நிற்கிறது. இழுத்தால் ரயில் புறப்படும், நாடாளுமன்றம் சிதறும். பத்து ஆண்டுகளாக அதற்காகவே உழைத்தவன் ‘வி’. அவன் இழுக்கவில்லை. இந்த முடிவை எடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று ஈவியிடம் விட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறான், குண்டடி பட்டு வந்து அவள் மடியில் சாகிறான். எதிரணி நண்பர்களே, உங்கள் நாயகனே உங்கள் கட்சியை விட்டு எங்கள் கட்சிக்கு வந்துவிட்டான்! நீங்கள் மட்டும் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஈவி கைப்பிடியில் கை வைக்கும்போது பிஞ்ச் என்ற காவல் அதிகாரி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வாழ்நாளெல்லாம் ஆட்சிக்கு உழைத்தவர். ஒரு விரல் அசைந்தால் போதும். அவர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். அவரை யாரும் வெட்டவில்லை, குத்தவில்லை, நடுவர் அவர்களே.

வெளியே கூட்டம் முகமூடிகளைக் கழற்றுகிறது. அதில் வேலரியின் முகம் தெரிகிறது. சுவரில் ‘வி’ என்று எழுதிய, பிறகு சுடப்பட்ட கண்ணாடிக்காரச் சிறுமியின் முகமும் தெரிகிறது. இருவரும் செத்துப்போனவர்கள். அந்த வரிசையில் ‘வி’ மட்டும் இல்லை.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.